எரியாத மெத்தையும் எரிச்சலான மாமனாரும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். என் இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். கடிதத்தை உங்கள் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேனே என்று பார்க்காதீர்கள். போனில் உங்களோடு பேச ஆரம்பித்தால் என் மகள் பிடுங்கிக்கொள்கிறாள். அப்புறம் என் பங்குக்கு "சரிம்மா, சரிம்மா" மட்டும்தான்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு மாதம் இருக்கப்போகிறேன் என்று அவள் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பேத்தியை இதுவரை போட்டோவில்தானே பார்த்திருக்கிறேன்! ஆனால் அடுத்த மூச்சிலேயே நிபந்தனை. "அப்பா, அந்த ரூம்ல கிடக்கிற மெத்தையில எம்பிள்ளையைப் படுக்க வைக்க மாட்டேன். தீப்பிடிக்காம இருக்க அதுல கெமிக்கல் போட்டிருப்பாங்க. அது இல்லாத மெத்தையா வாங்கி வைங்க. இல்லேன்னா நான் வரலை." மாப்பிள்ளை, நான் காலமெல்லாம் தீயணைப்பு நிலையத்தில் குப்பை கொட்டியவன். வீடு வீடாக ஏறி இறங்கி, தீப்பிடிக்காத சாமானாகப் பார்த்து வாங்குங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியவன். என்னையா எரிகிற மெத்தை தேடி அனுப்புவது?

சரி, குழந்தைக்காக என்று பெரிய கடைக்குப் போனேன். விற்பனைக்கு நின்ற பெண் ஒரு மெத்தையைத் தட்டிக்காட்டி, "இதுல நெருப்பே பிடிக்காது சார்" என்றாள். "பிடிக்கிற மாதிரி ஏதாவது இருக்காம்மா?" என்றேன். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே போய் மேனேஜரை அழைத்துவந்தாள். அவர் மெதுவாக, "வீட்டுக்கு இன்சூரன்ஸ் எல்லாம் இருக்குங்களா?" என்று கேட்டார். நானும் வெள்ளந்தியாக, "ஓ, இப்பதான் புதுப்பிச்சேன்" என்றேன். உடனே உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். எவ்வளவு நல்ல மனுஷர் என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறேன், வாசலில் சிவப்பு வண்டி வந்து நிற்கிறது! இறங்கியது யார் தெரியுமா? என்னிடம் ஏணி ஏறக் கற்றுக்கொண்டவன், இன்றைக்கு நிலைய அதிகாரி. "ஐயா, யாரோ வீட்டைக் கொளுத்தத் திட்டம் போடறாங்கன்னு போன் வந்துச்சு..." என்று இழுத்தான். "அந்த யாரோ நான்தான்யா" என்றேன். மானம் கப்பலேறிவிட்டது, மாப்பிள்ளை.

அவனே பிறகு ஒரு கடை சொன்னான். சந்துக்குள் ஒரு அம்மாள் கம்பளி ரோமம் திணித்து மெத்தை தைக்கிறாள். "ரோமம், மேல பருத்தித் துணி, அவ்வளவுதான். ஒரு மருந்தும் கிடையாது" என்று அடித்துச் சொன்னாள். வாங்கினேன். லிஃப்ட் வழக்கம்போல் படுத்துவிட்டதால் நானும் உங்கள் அத்தையும் படி வழியாக ஏற்ற, திருப்பத்தில் மெத்தை சிக்கிக்கொண்டு மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நிற்க, நான் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ள, மெத்தை நகர்ந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது.

அதோடு விட்டேனா? யாருடைய வாய் வார்த்தையையும் நம்பிக் கையெழுத்துப் போட்ட பழக்கம் எனக்குக் கிடையாது. எந்தச் சாமானானாலும் ஒரு துணுக்கு வெட்டிக் கொளுத்திப் பார்ப்பதுதான் எங்கள் வேலை முறை. மூலையைப் பிரித்து ஒரு பிடி ரோமத்தை எடுத்துக் குளியலறை வாளியில் போட்டுப் பற்ற வைத்தேன். கருகியது, நாறியது, அணைந்துவிட்டது. குச்சி குச்சியாகக் கிழித்தும் எரியவே மாட்டேன் என்கிறது! மருந்து அடிக்காமல் எப்படி எரியாமல் இருக்கும்? மெத்தையை வண்டியில் போட்டுக்கொண்டு நேரே கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். "ஏம்மா, எரியலையே!" "எரியலைன்னா நல்லதுதானே சார்?" "எனக்கு எரியணும்மா!" சந்தே கூடிவிட்டது. வாங்கிய மெத்தை தீப்பிடிக்கவில்லை என்று கத்திய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அந்த அம்மாள் வெட்டிய மூலையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ஆகவே மாப்பிள்ளை, மருந்தில்லாத மெத்தை உலகத்திலேயே கிடையாது, எல்லாரும் திருடர்கள். இதை நீங்கள்தான் பக்குவமாக அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். பழைய மெத்தைக்கே சம்மதிக்க வையுங்கள். எனக்கு என் பேத்தியைத் தூக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்.

உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசிகள். எந்த மெத்தையானாலும் படுத்ததும் தூக்கம் வருகிற வரம் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
இடுப்பொடிந்த மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்தாள். "ஏங்க, எரியிற வீட்டுக்குள்ள போய் ஆளுங்களைத் தூக்கிட்டு வருவீங்களே, எதுல சுத்தித் தூக்குவீங்க?" என்றாள். "கம்பளியில. அது லேசுல தீப்பிடிக்..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டேன். "ஆடு என்ன கெமிக்கல் பூசிக்கிட்டா மேயுது?" என்றாள். மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிடுங்கள், மாப்பிள்ளை. அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டு மெத்தையைத் திரும்பக் கொண்டுவந்து விரித்தாயிற்று. இருவரையும் சீக்கிரம் அனுப்பி வையுங்கள். ஒரு மூலை மட்டும் கொஞ்சம் பள்ளமாக இருக்கும். அந்தப் பக்கம் குழந்தை உருண்டு வராமல் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.