பனியன் துணி டென்ட்டும் ஒரு கானமயிலும்

திருப்பூரில் ஜி.எஸ்.எம். அண்ணனிடம் கிள்ளு வாங்காத ஆள் கிடையாது. உடம்பில் இல்லை, தெய்வமே, சட்டையில்! எதிரே யார் வந்தாலும் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து, கண்ணை மூடி, துணியின் கனத்தைக் கிராமில் சொல்லிவிடுவார். அந்தக் கனத்துக்கு எங்கள் ஊரில் ஜி.எஸ்.எம். என்று பெயர், அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஒரு கல்யாணத்தில் மேடையேறி மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துப் பார்த்து, "பாக்கத்தானுங்க பளபளப்பு, ஒரு வருசம் தாங்காது" என்றார். பெண் வீட்டார் முகம் போன போக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் அவர் வேலை. நான் அதே கம்பெனியில் ஆர்டர் பிடிக்கிறவன். டியூப்லைட் வெளிச்சத்தில் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன இழையோ எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கடைசியில் அந்தக் கண்ணுக்கே கேடு வந்தது. உள்ளே அழுத்தம் கூடி நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, போன பார்வை போனதுதான், மிச்சமும் சீக்கிரம் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பியது. சால்வையைக் கிள்ளிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கண்ணு, ராஜஸ்தான் போலாமா?"

"மார்கழிக் குளிர்ல அங்க என்னங்ணா வேலை?"

"ஆயுசு பூரா கை நீட்டற தூரத்துலயே பாத்துட்டேன். ஒருக்கா தூரமாப் பாக்கோணும். பாலைவனத்துல மறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையாமா. அங்கத்த பார்க்குல கானமயில்னு ஒரு பறவை இருக்குதாம். எங்க அப்புச்சி காலத்துல நம்ம காட்டுலயே மேஞ்சுதாம். கண்ணு இருக்கறப்பவே அதைப் பாத்துப்போடோணும்."

முடியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். பின்னாலேயே வந்த அவர் சம்சாரம், "கூட்டிட்டுப் போங்க சாமி. ஊட்டுல செவுத்தையே வெறிச்சுட்டு உக்காந்திருக்காருங்க" என்றதும் தலையாட்டிவிட்டேன்.

கடையில் விற்கிற டென்ட்டெல்லாம் மட்டமான துணி என்று தானே ஒரு டென்ட் தைத்தார். எதில்? ரிஜெக்ட் ஆன பனியன் துணியில்! ஏதோ வெளிநாட்டுப் பாப்பாக்களுக்கான ரோஸ் கலர், அதில் மஞ்சள் பூ. என் பழைய வேனில் அதையும் ஒரு மூட்டை முறுக்கையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

குஜராத்தில் வெளிமான் பூங்காவுக்குப் போனோம். மான் பக்கத்திலேயே நின்றது. "கொம்பு முறுக்கிட்டா இருக்குது?" என்று என்னைக் கேட்டார். "ஆமாங்ணா" என்றேன். நடக்கும்போது கல் கல்லாகத் தடுக்கினார். "என்னடா பாதை போட்டிருக்கறானுக!" என்று திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன்.

ஜெய்சல்மருக்கு அந்தப் பக்கம், பாலைவனப் பூங்காவுக்கு வெளியே டென்ட் அடித்தோம். பனி இறங்கிற்று. பனியன் துணி பனியைக் குடித்துத் தொங்கித் தொங்கி, விடிகிறபோது எங்கள் மூக்கின் மேல் கிடந்தது. வெயிலில் காயவைத்தோம். சுருங்கிவிட்டது! அடுத்த நாள் எங்கள் நான்கு கால்களும் டென்ட்டுக்கு வெளியே. துவைத்துச் சுருக்கம் பார்க்காத துணியைக் கட்டிங்குக்கு விடவே மாட்டேன் என்று முதலாளியிடமே சண்டை போட்ட மனுஷன்! "அட கெரகமே, இதுக்கு ஷ்ரிங்கேஜ் பாக்க மறந்துபோட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒட்டகக்காரர்கள் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் வழிகாட்டி ஒருவர் கூட வந்தார். அவர் கம்பளியைக் கிள்ளி, "இதுதான் துணி" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டு அண்ணன் நடந்தார். முள்ளும் மணலுமாக வெகு தூரம். திடீரென்று வழிகாட்டி குனிந்து, "உதர், உதர்" என்று இடது பக்கம் கை நீட்டினார்.

அண்ணன் வலது பக்கம் திரும்பினார்.

கையை நெற்றியில் வைத்து வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு, "அடேங்கப்பா! என்ன ஒசரம்! கழுத்து எப்படி வெள்ளையா இருக்குது பாரு கண்ணு!" என்றார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. வழிகாட்டி என்னைப் பார்த்தார். நான் பேச வேண்டாம் என்று தலையசைத்தேன். குளிரில் செத்து, நாட்டின் அந்தக் கோடி வரைக்கும் வந்து, நாங்கள் பிந்திப்போயிருந்தோம். இவருக்கு இனி எந்த ஊரில் எதைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

இப்போது சுத்தமாகப் பார்வை இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அந்த டென்ட்டை வெட்டி நான் ஒரு சட்டை தைத்துக்கொண்டேன். ரோஸ் கலர், மஞ்சள் பூ. என் வயசுக்கு அதைப் போட்டுக்கொண்டு போனால் தெருவே சிரிக்கிறது, சிரிக்கட்டும். அண்ணன் சட்டைக் கையைப் பிடித்ததும் முகம் மலர்ந்துவிடும். உடனே கானமயில் கதை ஆரம்பமாகும். பறவை வாராவாரம் ஒரு ஜாண் வளர்கிறது.

"நம்பாட்டி இவனைக் கேளுங்க, கூடத்தான் இருந்தான்!" என்பார்.

"ஆமாங்க, நானும் பார்த்தேன்" என்பேன்.

நான் எங்கே பார்த்தேன்? அந்தப் பறவை நின்ற பக்கம் திரும்பவே இல்லை. அண்ணன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.