அக்காவின் கணினியில் நான் நிறுத்திய அப்டேட்

ஆறு மாதக் கணினிப் படிப்பு படித்தவனை ஒரு வீட்டுக்குள் விடுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். ஒன்றும் தெரியாதவன் பயந்து பயந்துதான் தொடுவான். அரைகுறை இருக்கிறானே, அவன் கேட்காமலே கையை வைப்பான். யாரையும் குத்திக் காட்டவில்லை, என்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கணினி வகுப்புக்கென்று வவுனியாவிலிருந்து என்னைக் கண்டிக்கு அனுப்பியிருந்தார்கள். அஸ்கிரியப் பக்கம் பெரியப்பா வீடு. பெரியப்பா அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருப்பவர்கள் என்று பொலிசுக்குக் கொடுத்த பட்டியலில், வடக்கிலிருந்து வந்த பெடியனென்று என் பெயர் புதிதாக ஏறியிருந்ததால், என்னைக் கண்டாலே அவருக்குப் பயம். (பிற்காலத்தில் பயந்ததற்குக் காரணம் வேறு.)

அவருடைய மகள் சாந்தினி அக்கா, பள்ளிக்கூட ரீச்சர். மெல்போர்னில் ஓர் எஞ்சினியர் மாப்பிள்ளை அக்காவுக்கு ஏறக்குறையச் சரிவந்திருந்தது. ஹோலில் இருந்த கணினியில் போன் லைனைச் செருகி அக்கா அவருக்கு ஈமெயில் எழுதுவார். அவரும் தமிழில் எழுதவேண்டுமென்று எங்கள் தமிழ் எழுத்துருவை அக்காவே அனுப்பிக் கொடுத்திருந்தார். அது இல்லாத கணினியில் எங்கள் தமிழெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். பதில் வந்த நாளில் அக்கா குசினியில் சமைத்தபடி பாடுவார். மற்ற நாட்களில் பாடி நான் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, பட்டியலைச் சரிபார்க்க இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். அக்கா ஈமெயில் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவர்கள் கதிரையில் உட்காரவும், திரையின் மூலையில் ஒரு மஞ்சள் கேடயம் எழும்பி, அப்டேட்கள் இறங்குகின்றன என்று அறிவிக்கவும் சரியாக இருந்தது.

"மே மொகத?" என்றார் ஒருவர். இது என்ன என்று கேட்கிறார்.

எனக்குத் தெரிந்த பத்துச் சிங்களச் சொல்லையும் ஒன்றாகக் கொட்டி, அது அமெரிக்காவிலிருந்து தானாக வருகிறது என்று விளக்கினேன். அவர் சிரித்தார். இருவரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். நடந்தது அவ்வளவுதான். பெரியப்பாவுக்கு அது போதாதா?

"கேக்காமல் கொள்ளாமல் வெளிநாட்டில இருந்து எங்கட வீட்டுக்குச் சாமான் இறங்குதோ? நாளைக்கு வாறவனும் சிரிப்பானெண்டு என்ன நிச்சயம்?"

"அப்பா, அது கம்பியூட்டருக்கு நல்லது," என்றார் அக்கா.

"நல்லதெண்டால் சொல்லிப்போட்டு வரட்டும்! தம்பி, உனக்கு இதை நிப்பாட்டத் தெரியுமோ?"

அது எதற்கு வருகிறது என்று வகுப்பில் ஒரு மணித்தியாலம் படித்திருந்தேன். பெரியப்பாவுக்கு விளக்கியிருக்கலாம். ஆனால் 'தெரியுமோ' என்று கேட்டுவிட்டாரே! நாலே கிளிக்கில் நிறுத்தினேன். உடனே கேடயம் சிவப்பாகி, 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கலாம்' என்றது. பெரியப்பா அதை வாசித்தால் கணினியையே கிணற்றில் போட்டுவிடுவார் என்று அந்த எச்சரிக்கையையும் நிறுத்தினேன்.

"கெட்டிக்காரன்!" என்று அவர் முதுகில் தட்டினார்.

"ஒண்டும் ஆகாதே தம்பி?" என்றார் அக்கா.

"நான் இருக்கிறன்தானே அக்கா," என்றேன். (சொன்னதை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.)

பெரியப்பா எதையும் கச்சேரி முறையில்தான் செய்வார். மாப்பிள்ளை தேடியதும் அப்படியே. பெயர், வேலை, சாதகப் பொருத்தம், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பட்டியல். அவர் சொல்லச் சொல்ல நான் கணினியில் தட்டுவேன். மெல்போர்ன் மாப்பிள்ளைக்கு அவர் சொன்ன குறிப்பு, "நல்ல பிள்ளை. தாய் கொஞ்சம் கண்டிப்பு." எனக்கு அது சப்பென்று இருந்தது. "நல்ல பிள்ளை. தாயோடு ஒரே வீட்டில் சீவிக்க ஆமிக்காரனுக்கும் தனிப் பயிற்சி வேண்டும்" என்று தட்டினேன். பகிடியாம்! பெரியப்பா கண்ணாடி போடாமலே "சரி" என்றார்.

மூன்று கிழமை கழித்து யாரோ முகம் தெரியாத ஒருவரிடமிருந்து ஈமெயில் வந்தது. நாங்கள் திறக்கவில்லை, அது தானே திறந்துகொண்டது. நான் நிறுத்திய அப்டேட்களில் ஒன்று அந்த வழியை அடைக்கத்தான் வந்ததாம், வகுப்பு மாஸ்டர் பிறகு சொன்னார். உள்ளே வந்த வைரஸ் ஒரு கோப்பைப் பொறுக்கியெடுத்து, அக்காவின் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பியது. கணினியில் பாடக் குறிப்புகள் இருந்தன, பரீட்சை வினாத்தாள்கள் இருந்தன. அந்த நாசமாய்ப்போனது எடுத்தது மாப்பிள்ளைப் பட்டியலை!

'இது என்ன குப்பை, ஒன்றும் வாசிக்க முடியவில்லை' என்று அக்காவின் பள்ளிக்கூட அதிபர் உட்பட ஆளாளுக்குப் பதில் போட்டார்கள். எனக்கு உயிர் வந்தது. எழுத்துரு இல்லை, ஒருவருக்கும் விளங்கவில்லை! துள்ளிக்கொண்டு போய் அக்காவிடம் சொன்னேன்.

அக்காவின் முகம் வெளுத்துப்போயிற்று.

"அவரிட்ட எழுத்துரு இருக்கு," என்றார்.

முதலில் வாசித்தது மாப்பிள்ளைகூட இல்லை, அவருடைய தாய். அன்று பின்னேரமே போன் வந்தது. பெரியப்பா எழும்பி நின்றுகொண்டு பேசினார். "ஓம்... ஓம்... இல்லையம்மா, அது எங்கட பெடியன் விளையாட்டுக்கு... ஓம்..." பத்து நிமிடம் இப்படியே போனது. போனை வைத்துவிட்டு, "நான் வாசிக்காமல் சரியெண்டு சொல்லிப்போட்டன்," என்று மட்டும் சொல்லி அறைக்குள் போனார். அவர் எனக்கு இரண்டு அறை விட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கல்யாணப் பேச்சு நின்றது. அக்கா அவருக்கு இரண்டு முறை எழுதினார், பதில் இல்லை. மன்னிப்புக் கேட்க நான் போனபோது, "கொப்பி திருத்துறன், பிறகு வா," என்றார். பிறகு போக எனக்குத் துணிவு வரவில்லை. ஆமிக்காரனைப் பற்றி எழுதத் துணிந்த வீரன் நான்!

இரண்டு வருடம் கழித்து அக்காவுக்குப் பேராதனையில் ஒரு வங்கி அலுவலர் அமைந்தார். நல்ல மனிதர். இப்போது இந்தக் கதை எங்கள் குடும்பப் பகிடி. அக்காவின் கணினியில் அப்டேட் வரும்போதெல்லாம் எனக்கு போன் வரும். "தம்பி, அப்டேட் வந்திருக்கு, போடட்டோ?" என்று அக்கா அனுமதி கேட்பார். பின்னால் அத்தானும் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "போடுங்கோ அக்கா" என்று நான் சொல்லும்வரை விடமாட்டார்கள்.

போன மாதமும் எடுத்தார். பின்னால் சிரிப்புச் சத்தம் இல்லை, வீட்டில் தனியாக இருந்தாராம். இத்தனை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்த விஷயத்துக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மறுமுனையில் மௌஸைக் கிளிக் பண்ணும் சத்தம் கேட்டது.

"விசரா, அது எப்பத்தைய கதை. மெல்போர்னில அவருக்கு இப்ப ரெண்டு பிள்ளையள். மூத்தது அப்படியே அவரைப் போல."

எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

"சரி, இது ரீஸ்டார்ட் கேக்குது," என்றார் அக்கா. "பட்டனை அமத்தட்டோ?"

"அமத்துங்கோ அக்கா," என்றேன்.