சிட்டிபாபு கைக்கு வந்த காது

காது சிட்டிபாபுவின் கையில் இருந்தது. காதுக்குச் சொந்தக்காரர் நாற்காலியில் கண்மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் கத்தரி அந்தப் பக்கமே போகவில்லை. வலது காதோரம் முடியைத் தூக்கச் சீப்பை விட்டான். 'டக்' என்று ஒரு சத்தம். சீப்போடு காதும் வந்துவிட்டது.

ரத்தமே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கூடுவாஞ்சேரி சலூனில் ஒருவர் காதைக் கீறியதற்காக வேலை போய், இரும்புலியூரில் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது. சேர்க்கும்போதே முதலாளி சுப்பராயலு சொல்லியிருந்தார்: "இங்க எவன் காதுலயாவது கீறல் வுழுந்துச்சு, அன்னிக்கே நீ வூட்டுக்குப் போயிடணும்."

கீறலுக்கே வீடு என்றால் முழுக் காதுக்கு?

சுப்பராயலு வாசலில் நின்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்தவரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்ட அவருடைய மைத்துனர் ஜமீர், எதிர் டீக்கடையில் இருந்தார்.

சிட்டிபாபு குனிந்து காது இருந்த இடத்தைப் பார்த்தான். வழுவழுப்பான தோலில் மூன்று சின்ன உலோகக் குமிழ்கள், எலும்புக்குள் திருகி வைத்ததுபோல நின்றன. காதின் பின்பக்கமும் அதே அளவில் மூன்று வட்டங்கள். தொட்டால் ரப்பர் மாதிரி இருந்தது. செயற்கைக் காது! உடைத்துவிட்டோமோ?

அதைக் கத்தரிக்குப் பக்கத்தில் வைத்தான். கத்தரி துள்ளி வந்து காதோடு ஒட்டிக்கொண்டது.

"ஐயோ!"

"இன்னாடா?" என்றார் சுப்பராயலு.

"ஒண்ணுமில்ல சார். கொசு."

கத்தரியைப் பிய்த்து எடுக்கும்போதே செருப்புச் சத்தம் உள்ளே வந்தது. அவசரமாகத் தூங்குகிறவர் தலையில் துண்டைப் போர்த்தினான். காதைப் பவுடர் டப்பாவுக்குள் போட்டான். தகர டப்பா. 'டங்' என்று அடியில் போய் ஒட்டியது.

"இன்னாடா மூடி வெச்சிகீற? கஸ்டமரா, பொணமா?"

"வேர்வை சார். தொடைக்கிறேன்."

"அசந்து தூங்குறாரே மனுஷன். கைன்னா இப்படித்தான் இருக்கணும்!" மெச்சிக்கொண்டே சுப்பராயலு மறுபடி வாசலுக்குப் போனார்.

அசந்துதான் தூங்கினார். ஆனால் தூக்கத்திலும் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்.

நகத்தால் நெம்பி வெளியே எடுத்தபோது காது இட்லி மாதிரி வெளுத்திருந்தது. துடைக்கத் துடைக்கப் பவுடர் மடிப்புக்குள்தான் ஏறியது. தலைக்குப் பக்கத்தில் கொண்டு போனான். ஒரு விரல்கடை இருக்கும்போதே காது அவன் கையை விட்டுத் தாவி, 'டக்' என்று தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

காந்தம்! சிட்டிபாபுவுக்கு மூச்சு வந்தது. உடனே நின்றும் போனது. வலது காது வெள்ளை, இடது காது மாநிறம்.

இடது காதுக்கும் பவுடர் போட்டான். கழுத்து பொருந்தவில்லை. கழுத்துக்கும் போட்டான். கன்னம் தனியாகத் தெரிந்தது. கன்னம், நெற்றி, மூக்கு...

"இன்னாடா, இவருக்கு இன்னிக்கு நிக்காவா?" என்றார் திரும்பி வந்த சுப்பராயலு.

நாற்காலியில் இருந்தவர் மெல்லக் கண் திறந்தார். கண்ணாடியில் தன் வெள்ளை முகத்தையே பார்த்தார். கை மெதுவாக உயர்ந்து வலது காதைத் தொட்டது. அழுத்திப் பார்த்தது.

சிட்டிபாபு கண்ணை மூடிக்கொண்டான்.

"நல்லா வெட்டியிருக்கீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக வெளியேறினார்.

அப்பாடா என்று பவுடர் டப்பாவை மூடும்போது ஜமீர் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தார். சுப்பராயலு நிமிர்ந்தார். சிட்டிபாபு, ஆணியில் மாட்டியிருந்த தன் சட்டையை எடுக்கக் கை நீட்டினான். ஜமீர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, இனிமே மாசாமாசம் உங்ககிட்டதான் வருவாராம் மச்சான்! மூணு சலூன்ல காது கழண்டதும் கூச்சல் போட்டு, பாதி முடியோட தொரத்திட்டாங்க. நீங்களும் தொரத்திடுவீங்கன்னு பயந்து, டக்குனு சத்தம் கேட்டதுலேருந்து தூங்குற மாதிரியே கெடந்தாராம்!"