நூறு சதவீதத் தாத்தா

பெனல்லா,
மார்ச் 12, புதன்கிழமை.

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய நோலீன் அக்காவுக்கு,

தம்பி லிண்ட்சே எழுதிக்கொள்வது. இங்கே நானும் நலம், என் முழங்காலும் நலம். இருவரும் ஒரே நாளில் நலமாக இருப்பதில்லை, அவ்வளவுதான். கடலுக்கு அந்தப் பக்கம் டெவன்போர்ட்டில் நீயும் உன் ரோஜாச் செடிகளும் பூச்சி பொட்டு இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். எனக்கு அநியாயம் நடந்துவிட்டது. அதைச் செய்தது அரசாங்கமா, என் மகளா, நானா என்பதை நீயே படித்துத் தீர்ப்புச் சொல்.

பேத்தி மேபல் பிறந்ததிலிருந்து செவ்வாயும் வியாழனும் என்னுடையவை என்பது உனக்குத் தெரியும். போன மாதம் மகள் டீகனுக்கு ஆஸ்பத்திரியில் முழுநேர நர்ஸ் வேலை கிடைத்தது. மருமகன் ஹேமிஷ் பண்ணை பண்ணையாய்ப் போய்ப் பம்புசெட் பழுது பார்ப்பவன், எப்போது வீடு திரும்புவான் என்று அந்தப் பம்புகளுக்குத்தான் தெரியும். ஆகவே கால்பந்துத் திடலுக்குப் பக்கத்திலிருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் மேபலை வாரம் நாலு நாள் விடலாம் என்று பேச்சு வந்தது. "அரசாங்க உதவித்தொகை ஒழுங்கா வந்தாத்தான்பா கட்டுப்படியாகும். இல்லேன்னா வழக்கம்போல உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள் டீகன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எவ்வளவு வரும் என்று தோராயமாகக் கணக்குப் போட்டுக் காட்டும் பக்கம் ஒன்று இணையத்தில் இருக்கிறதாம், அதை நிரப்பிப் பார்க்கச் சொல்லி என் கையிலேயே கொடுத்தாள். வேறு எவனாவது நிரப்பியிருந்தால் உண்மையை எழுதியிருப்பான்.

நான் ஏன் எழுதவில்லை என்றால், அந்தக் காப்பகத்தை நான் பார்த்திருந்தேன். உள்ளே மணல் குழி, தண்ணீர்க் குழாய், நிஜக் கோழி நாலு, எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள கிரில்லி என்று ஒரு பெண். இருபத்துமூன்று வயது, பச்சைத் தொப்பி, யுகுலேலி என்ற குட்டி கிடார் வாசிப்பாள். சுற்றிப் பார்க்கப் போன அன்றைக்கே மேபல் அவள் காலைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "தாத்தா போ" என்றாள். இரண்டரை வருஷம் டோஸ்ட்டுக்கு ஓரம் வெட்டிக் கொடுத்த கை இது, அக்கா.

முதலில் சோதனைக்காக உண்மையான வருமானத்தையே போட்டேன். கட்டணத்தில் முக்கால்வாசிக்கு மேல் அரசாங்கமே தருமாம். வயிறு எரிந்தது. சரி, வருமானம் கூடினால் உதவி குறையும் என்று சொல்கிறார்களே என்று டீகனின் ஓவர்டைம், ஹேமிஷின் சனிக்கிழமைச் சம்பாத்தியம், அவன் விற்க நினைத்து இன்னும் விற்காத பழைய வண்டி என்று கூட்டிக்கொண்டே போனேன். நாலே நாலு சதவீதம் குறைந்தது, அந்த வேகத்தில் போனால் ஹேமிஷுக்கு ஒரு சுரங்கமே எழுதி வைக்க வேண்டியிருக்கும். பிறகு கீழே ஒரு கேள்வி, பெற்றோர் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று. குறைவாக வேலை செய்தால் குறைவான மணி நேரத்துக்குத்தான் உதவி என்று போட்டிருந்ததைப் பார்த்ததும், ஈவிரக்கமில்லாமல் ஹேமிஷின் வேலையைப் பிடுங்கி அவனை சோபாவில் உட்கார வைத்தேன். வேலை போனால் சம்பளமும் போகும் என்ற நியாயத்தில் அவன் வருமானத்தையும் அழித்தேன், அங்கேதான் சறுக்கினேன். மணி நேரம் குறைந்தது, சதவீதம் ஜிவ்வென்று ஏறிவிட்டது. கடைசியாக ஒரு கட்டம்: குழந்தையைப் பெரும்பாலும் வளர்ப்பது தாத்தா பாட்டியா? அக்கா, அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆமாம் என்று தட்டினேன். நூறு சதவீதம் என்று வந்தது. பாவம் கிழவன், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று முழுக் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்றுக்கொள்ளுமாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் டீகன் பின்னால் வந்து நின்றாள்.

"என்னப்பா இது, ஹேமிஷுக்கு வேலை போயிடுச்சா?"

"ஒரு பேச்சுக்குப் போட்டுப் பார்த்தேன்."

"மேபலை வளர்க்கறது நீங்கன்னா நான் யாரு?"

"நீ ராத்திரி வந்து தூங்கிட்டுப் போறே."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்பா, நிஜத்தைச் சொல்லுங்க. கிரில்லி மேல பொறாமைதானே?"

"அந்தச் சின்னப் பொண்ணு மேல எனக்கென்ன பொறாமை. கோழி வச்சிருக்காங்க பாரு, அதான் சகிக்கல."

சிரித்தாள். என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, உண்மையான கணக்கை நாலே நிமிஷத்தில் போட்டு முடித்தாள். முதலில் வந்த அதே முக்கால்வாசிக்கு மேல். அன்று மாலையே இடம் பதிவாகிவிட்டது. "ஞாயித்துக்கிழமை வாங்கப்பா, கறி ரோஸ்ட் பண்றேன்" என்றாள், விருந்தாளியிடம் சொல்வதுபோல.

நேற்று முதல் செவ்வாய். கொண்டுபோய் விட்டது நான்தான். மேபல் அழுவாள் என்று இரண்டு கைக்குட்டை வைத்திருந்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே இருபது நிமிஷம் நின்ற பிறகு கிரில்லி வந்து, "அவ நல்லா இருக்கா, நீங்க தைரியமா வீட்டுக்குக் கிளம்பலாம்" என்றாள், தேன் ஒழுகும் குரலில். வீட்டுக்கு வந்து ஒரு டோஸ்ட் போட்டேன், ஓரத்தையும் நானே தின்றேன்.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். இங்கே என்னால் யாருக்கும் உபயோகமில்லை. அடுத்த செவ்வாய் கப்பலேறி உன்னிடம் வருகிறேன், மூன்று மாதம் தங்குவதாக உத்தேசம். பின்னறையை ஒழித்து வை. மேபலைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன், நீயும் கேட்காதே. அத்தானுக்கு என் வணக்கம். உன் வீட்டில் எல்லாரும் தீர்க்காயுசாக, யாராலும் கைவிடப்படாமல் இருக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
லிண்ட்சே பர்செல்

பின்குறிப்பு: இந்தக் கடிதம் தபாலில் சேராமல் எட்டு நாள் மேசைமேலேயே கிடந்துவிட்டது, பின்னறையை ஒழிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை மேபல் மூக்கொழுகிக்கொண்டு காய்ச்சலோடு காப்பகத்திலிருந்து வந்து சேர்ந்தாள். காய்ச்சல் முழுசாக விட்டு ஒரு நாள் ஆகும்வரை அங்கே சேர்க்கமாட்டார்களாம். டீகனுக்கும் ஹேமிஷுக்கும் லீவு கிடையாது, ஆகவே இந்த வாரம் முழுக்க என்னிடம்தான். என்னைத் தரையில் சம்மணமிட்டு உட்கார வைத்துவிட்டு மேபல் கிரில்லியாக இருக்கிறாள். பாத்ரூம் போக நான் கை தூக்க வேண்டும். காய்ச்சல் திங்கட்கிழமையே விட்டுவிட்டது. டீகனிடம் இன்னும் லேசாகச் சுடுகிறது என்று சொல்லியிருக்கிறேன். அவள் போன் பண்ணினால் நீயும் அப்படியே சொல்.