தகர டிரெசரும் செத்துப்போன காரும்

இரும்பில் துருப்பிடிப்பதைத் தன் சொந்த மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்ட மனிதர் பேராக் மாநிலத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் தோட்டத்து டிரெசர். துருவைப் பற்றிப் பேசும்போது, தன்னை நடுச்சந்தியில் வைத்துத் திட்டிய ஆளைப் பற்றிப் பேசுவதுபோல அவர் முகம் சிவந்துவிடும்.

டிரெசர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கி, புண்ணுக்குக் கட்டுப்போட்டு, காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பவர். பெரிய டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் எங்கள் உயிர் டிரெசர் கையில். யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்குத் தாய்தகப்பன் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. தோட்டத்துக்கு அவர் ‘தகர டிரெசர்’. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, மீசையில் எப்போதும் கொஞ்சம் இரும்புத் தூள்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்தது. தாப்பாவுக்குப் பக்கத்திலிருந்த அந்தத் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது ஆபீசில் ஆள் கணக்கு எழுதுகிறவன். வயசு இருபத்து நாலு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இந்த நாட்டில் எனக்கென்று ஒருவரும் கிடையாது. டிரெசர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர்.

பழைய துரை சீமைக்குத் திரும்பியபோது தன் பழைய மோட்டார்க் காரை விட்டுவிட்டுப் போனார். விட்டுவிட்டு என்றால், ரப்பர் உலர்த்தும் புகைக்கூண்டுக்குப் பின்னால் ஒழுகுகிற கொட்டகையில் அது ஏற்கெனவே நாலு மழைக்காலமாக நின்றிருந்தது. முன்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. “வேணும்னா எடுத்துக்கோ” என்று துரை சொன்னதுதான் தாமதம், டிரெசர் ஆறு பேரைப் பிடித்துக் காரைத் தள்ளிக்கொண்டு வந்து தன் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார். கோழியும் கூடவே வந்தது.

மறுநாள் பார்க்கிறேன், காதைக் கதவில் வைத்துக்கொண்டு விரல் மூட்டால் தட்டிக்கொண்டிருக்கிறார்.

“தம்பி, இஞ்ச வாரும். இந்த இடத்தில தட்டினால் டங் எண்டுது. இந்த இடத்தில பொத் எண்டுது. கேக்குதோ?”

“கேக்குது அண்ணே.”

“மேலால பெயிண்ட் நல்லாத்தான் இருக்கு. உள்ளுக்கு எல்லாம் போயிட்டுது.” சொல்லிக்கொண்டே சுண்டுவிரலால் லேசாக அழுத்தினார். விரல் கதவுக்குள் போய் அந்தப் பக்கம் வந்தது.

ஈப்போவில் ஒரு பட்டறைத் தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், யோசனை கேட்கலாம் என்றார். கார் ஓடாது, அதனால் கதவை மட்டும் கழற்றிக்கொண்டு ரயிலேறினார். அன்று எனக்கு லீவு. போதாத காலம், நானும் கூடப் போனேன். கதவை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். டிக்கெட் பார்க்க வந்தவர் கதவைப் பார்த்தார், டிரெசரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வெளியே ரப்பர் மரங்களை எண்ணத் தொடங்கினேன்.

“வண்டியிலதான் கதவு இருக்குலா. நீங்க ஏன் ஒண்ணு கொண்டு வாரீங்க?”

“இது சாமான் இல்லை. சுகமில்லாத ஆள். வைத்தியத்துக்குக் கொண்டு போறன்” என்றார் டிரெசர், சிரிக்காமல்.

ஈப்போத் தவுக்கே அந்தக் கதவை ஒரே ஒரு தடவைதான் உதைத்தார். கீழ்ப்பாதி பொலபொலவென்று தரையில் உதிர்ந்தது. “சூடா மாத்தி லா! புவாங்!” என்றார் மலாயில். செத்துப்போச்சு, தூக்கி எறி.

திரும்பி வரும்போது தாப்பா ரோடு ஸ்டேஷன் வரைக்கும் டிரெசர் உடைந்த விளிம்பை விரலால் தடவிக்கொண்டே வந்தார். இறங்கியதும் மிச்சமிருந்த அரைக் கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு சொன்னார்: “செத்திட்டுது எண்டு சொல்ல அவர் ஆர்? இந்தத் தோட்டத்தில ஆர் செத்தது, ஆர் சாகேல்லை எண்டு எழுதிறவன் நான்!”

அன்று ஆரம்பித்தது வைத்தியம். காலையில் ஆஸ்பத்திரி, சாயங்காலம் கார். கம்பி பிரஷால் துருவைத் தேய்ப்பார். தேய்த்துத் தேய்த்து, கெட்ட இரும்பு எதுவரை போயிருக்கிறது என்று பார்ப்பார். பிறகு தகரக் கத்திரியால் வெட்டுவார். நல்ல இரும்பு பளபளவென்று தெரிகிறவரை வெட்டிக்கொண்டே போவார். ஓட்டையை விட ஒரு விரல் பெரிதாக மண்ணெண்ணெய்த் தகரத்தை நறுக்கி, விளிம்பை மடக்கி, ஆணி அடித்து, ஈயம் உருக்கிப் பற்றவைப்பார். பற்றவைத்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவார். விரலில் மேடு தட்டினால் மறுபடி அரம்.

ஒரு மாதத்தில் தோட்டத்தில் காலி மண்ணெண்ணெய்த் தகரம் என்று ஒன்றும் மிச்சமில்லை. அதன்பிறகு டிரெசரம்மாவின் அடுப்படிக்கு ஆபத்து வந்தது. பலகைச் சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்கும்.

“இஞ்சாருங்கோ, என்ர அரிசித் தகரத்தின்ர மூடி எங்க?”

“அது நல்ல இடத்தில இருக்கு.”

“எந்த இடத்தில?”

“பின் சில்லுக்கு மேல.”

சட்டியொன்று ணங்கென்று தரையில் விழுந்தது. பிறகு அந்த அம்மா என் வாசலுக்கே வந்துவிட்டார். “தம்பி, நீர் படிச்ச பிள்ளை. கட்டின நாளில இருந்து ஒருநாளாவது என்ர முகத்தை இந்தக் காரைப் பாக்கிற மாதிரிப் பாத்திருக்கிறாரோ எண்டு அவரிட்டக் கேளும்!” நான் கேட்கவில்லை. பார்த்திருந்தால் அந்த அம்மாவின் மூக்கிலும் ஒரு ஒட்டு விழுந்திருக்கும்.

விவகாரம் முற்றியது ஆசிட்டில். ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஆலையில் ஆசிட் ஊற்றுவார்கள். அது துருவையும் தின்னும் என்று டிரெசர் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த அன்றைக்கே ஒரு ஜாடி ஆசிட் காரடிக்குப் போய்விட்டது. ஆலையில் இருந்ததைத் தண்ணீர் கலந்து சமாளித்திருக்கிறார்கள். சாயங்காலம் வரை தொட்டியில் பால் பாலாகவே கிடந்தது.

புதிய துரை குதியோ குதி என்று குதித்தார். தோட்டத்துத் துரைமார் தமிழில்தான் ஏசுவார்கள். “என்னா டிரெசர்! பாலு பூரா கெட்டுப் போச்சு! இந்த மாசம் முடியறதுக்குள்ள அந்தக் குப்பை ஓடணும். ஓடலைன்னா ஆத்துல தள்ளு!”

மாசம் முடிய மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் டிரெசர் பின்பக்க மட்கார்டு ஒன்றை மட்டும் ஏழு தடவை செய்து பிரித்தார். ஓரத்தில் ஓடுகிற வளைவு சரியாக வரவில்லையாம். கடைசி வெள்ளிக்கிழமை, ஆலை ஃபிட்டர் பழுதுபார்த்துக் கொடுத்த எஞ்சினும் உறுமியது; துரு ஏறாமலிருக்க அடியில் பூசுகிற சிவப்புப் பெயிண்டைக் கார் முழுக்க, தரைப் பலகை, தகரம் எதையும் விடாமல் அடித்துவிட்டார். “ரெண்டு நாள் காயட்டும். பிறகு மேல கறுப்பு. திங்கக்கிழமை துரை பாக்கட்டும்” என்றார்.

சனிக்கிழமை காலையில் எனக்கு வயிற்றுவலி.

முதலில் தொப்புளைச் சுற்றி வலித்தது. இறால் சம்பலைக் குற்றம் சொன்னேன். பத்து மணிக்கு வலி வலப்பக்கம் இறங்கி, நிமிர்ந்து நிற்க முடியவில்லை. டிரெசர் வந்து என்னைப் பெஞ்சில் மல்லாத்திப் படுக்க வைத்து, விரலால் வயிற்றைத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி தட்டினார். அந்த முகத்தை நான் நன்றாக அறிவேன்.

“அமத்தேக்கை கூட நோகுதோ, கையை எடுக்கேக்கை கூட நோகுதோ?”

“எடுக்கும்போதுதான்... ஐயோ!”

“உள்ளுக்குப் போயிட்டுது தம்பி. வெட்டத்தான் வேணும்.”

என் கண் முதலில் அவர் கையில் தகரக் கத்திரி இருக்கிறதா என்றுதான் தேடியது.

“நீங்களா அண்ணே வெட்டப் போறீங்க?”

“உமக்கென்ன விசரோ? ஈப்போவில பெரிய ஆஸ்பத்திரியில வெட்டுவினம். இப்பவே போக வேணும்.”

துரையின் கார் துரையோடு கிளப்புக்குப் போயிருந்தது. தோட்டத்து லாரி ரப்பர் ஏற்றிக்கொண்டு கப்பல் துறைக்குப் போயிருந்தது. ரயில் சாயங்காலம்தான். டிரெசர் வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சிவப்பாக, ஈரமாக அது நின்றுகொண்டிருந்தது.

“வேண்டாம் அண்ணே, வலி குறைஞ்ச மாதிரி இருக்கு” என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

பின்சீட்டு இன்னும் மாட்டப்படவில்லை. தரையில் ஒரு பாய் விரித்து என்னைக் கிடத்தினார்கள். டிரெசரம்மா என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுக் குனிந்து ரகசியமாகச் சொன்னார்: “தம்பி, தரையில குதிக்காலை மட்டும் ஊண்டாதையும்.”

தெமோ, கம்பார் என்று ரோடு வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் நான் பாயிலிருந்து உருண்டு பெயிண்டில் புரண்டேன். எனக்குக் கீழே இருந்தது பத்துப் பன்னிரண்டு மண்ணெண்ணெய்த் தகரம். அதற்குக் கீழே ஓடுகிற ரோடு. கம்பாரைத் தாண்டி ரோட்டில் மழைத்தண்ணீர் குளமாக நின்றது. கார் அதற்குள் இறங்கியது.

“தண்ணி உள்ளுக்கு வருதோ?” என்று கத்தினார்.

“இல்ல!”

“ஒரு சொட்டும்?”

“ஒரு சொட்டும் வரல அண்ணே!”

அவர் பின்கழுத்து சிரித்தது. அந்த வலியிலும் எனக்கு அது தெரிந்தது.

கோப்பெங் தாண்டியதும் ஒரு பள்ளம். தடாலென்று பின்னால் ஒரு சத்தம். ஏதோ கழன்று ரோட்டில் உருண்டு ஓடியது. டிரெசர் திரும்பிப் பார்த்தார். கார் ஒரு நொடி தயங்கியது. ஏழு தடவை பிரித்துச் செய்த மட்கார்டு பள்ளத்தோரம் கிடந்தது. நிறுத்தி எடுக்க இரண்டு நிமிஷம் போதும். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முன்னால் திரும்பி, காரை இன்னும் வேகமாக விட்டார். அப்போதுதான் என் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்குப் புரிந்து, உண்மையாகவே பயம் வந்தது.

ஈப்போ ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. டிரெசர் என்னைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார். வராந்தாவில் நீளமாக ஜனம் காத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் ஒரு அம்மா அலறினார். தலை முதல் கால் வரை நான் சிவப்பு. தூக்கி வந்தவரும் மார்பெல்லாம் சிவப்பு.

“அல்லாமாக்! எவ்வளவு ரத்தம்! வழி விடுங்க, வழி விடுங்க!”

வரிசை இரண்டாகப் பிளந்தது. தள்ளுவண்டி வந்தது. இரண்டு நிமிஷத்தில் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் என்மேல் குனிந்து காயத்தைத் தேடினார். முதுகைப் பார்த்தார், காலைப் பார்த்தார், விரலில் ஒட்டியதை முகர்ந்து பார்த்தார். அவர் கோபமாக நிமிர்ந்தபோது டிரெசர் விறைத்து நின்று, வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, எங்கே இறங்கியது, காய்ச்சல் எவ்வளவு என்று இங்கிலீஷில் மளமளவென்று ஒப்பித்தார். டாக்டர் என் வயிற்றை அழுத்திக் கையை எடுத்தார். நான் போட்ட சத்தத்தில் அவர் கோபம் போய்விட்டது. நேராக ஆபரேஷன் அறை.

கண் விழித்தபோது வலி இல்லை. அதைவிடப் பெரிய சுகத்தை நான் அதற்குப் பிறகு அனுபவித்ததில்லை. மூச்சை இழுத்து விட்டேன். மறுபடி இழுத்து விட்டேன். சும்மா மூச்சு விடுவதே பாயசம் சாப்பிடுவதுபோல இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் குடல்வால் உள்ளேயே வெடித்திருக்கும் என்றார் டாக்டர். கால்மாட்டில் டிரெசர் சிவப்புச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

“ரத்தம்னு பொய் சொல்லி உள்ளே கொண்டு வந்தீங்களே, அண்ணே.”

“நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை. பெயிண்டோ எண்டு அவை கேக்கேல்லை.”

அடுத்த வாரம் டிரெசர் மறுபடி பார்க்க வந்தபோது சேதி தெரிந்தது. மட்கார்டு ஒரு கீரைத் தோட்டக்காரரிடம் பத்திரமாக இருந்ததாம். திரும்பும் வழியில் வாங்கிக்கொண்டாராம். திங்கட்கிழமை நடந்ததைக் கேட்ட துரை, காரை ஒரு சுற்று சுற்றிவந்து, “சரி, குப்பை இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். சேதி சொன்ன டிரெசருக்கு தலையிலிருந்து பெரிய மூட்டையை இறக்கி வைத்த முகம்.

என்னை அனுப்புகிற நாளில் ஆஸ்பத்திரிக் கிராணி தாள்களை நீட்டினார். நானும் கிராணி, எழுத்து என்றால் ஒரு வரி விடாமல் படித்துவிடுவேன். எனக்கு நினைவில்லாத நேரத்தில் ஆபரேஷனுக்குச் சம்மதம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தார் டிரெசர். அதன் கீழே, நோயாளிக்கு என்ன உறவு என்கிற இடத்தில், கூடப்பிறந்த அண்ணன் என்று தெளிவாக எழுதியிருந்தது.

கிராணி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “உங்க அண்ணன் யாழ்ப்பாணத் தமிழ் பேசறாரு. நீங்க தஞ்சாவூர்த் தமிழ் பேசறீங்க. எப்படிங்க?”

“அவர் சின்ன வயசுலயே அங்க போயிட்டாருங்க” என்றேன்.

வெளியே கார் ஹாரன் பாம் பாம் என்று பொறுமையில்லாமல் அலறியது.

“அண்ணன் கூப்பிடறாரு, வாரேன்” என்று சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கினேன்.