வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் கூட்டுக் குடும்பம்

மாடியில் குடியிருக்கும் மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு, கீழ்வீட்டுத் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம். நீங்களும் சுகம் என்பது காலையில் எங்கள் தலைக்கு மேல் கட்டிலை இழுத்த வேகத்திலேயே தெரிந்தது.

விஷயம் இதுதான். பிள்ளைகளுக்கு இந்தியப் பண்பாட்டைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று என் மகளின் பள்ளியில் திடீர் ஞானோதயம். 'உங்கள் வீட்டில் கடைப்பிடிக்கும் மரபு எது?' என்று படிவம் கொடுத்தார்கள். எனக்கு என் பூட்டுக் கடையைத் திறக்கப் போகிற அவசரம். "எதையாவது எழுதும்மா" என்றேன். அவள் 'கூட்டுக் குடும்பம்' என்று எழுதிவிட்டாள். ஒரே கேட், ஒரே தண்ணீர்த் தொட்டி, குழந்தைக்கு அது போதாதா? செருப்பு அலமாரியைப் படிக்கட்டிலிருந்து யார் நகர்த்தியது என்ற சண்டையில் நாம் இரண்டு வருஷமாகப் பேசாமல் இருப்பதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "சார், பிள்ளைங்க இதைப் படத்துல மட்டும்தான் பாத்திருக்காங்க. வெள்ளிக்கிழமை நேர்ல கூட்டிட்டு வரேன்" என்கிறார், ஏதோ ஒட்டகச்சிவிங்கியைக் காட்டப் போகிற மாதிரி. முப்பத்துநாலு பேர் அண்ணா! நாம் சேர்ந்து சாப்பிட வேண்டுமாம், பெரியவர் பேச்சைக் கேட்க வேண்டுமாம், விட்டுக்கொடுக்க வேண்டுமாம். முதல் இரண்டையாவது நடித்துவிடலாம், மூன்றாவதுக்கு நம் பரம்பரையிலேயே ஆள் கிடையாது.

உங்களைக் கூப்பிட ரோஷம் விடாததால், தெருமுனை இஸ்திரிக்காரரை அண்ணனாக நடிக்கச் சொன்னேன். ஒத்திகை தொடங்கிக் கால்மணி நேரத்தில் மனுஷன், "மூத்தவன்னா மாடி எனக்குத்தானே?" என்று வீட்டில் பங்கு கேட்க ஆரம்பித்துவிட்டார். நீட்டிய காபியை என் மனைவி அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகளோ, "இவரு பெரியப்பா இல்ல, பெரியப்பா வரலைன்னா நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்"னு ஒரே அழுகை. அவளைப் பொய்க்காரின்னு எல்லாரும் சிரிப்பாங்களாம். அதைத்தான் என்னால தாங்க முடியலை அண்ணா. ஒரே ஒரு மணி நேரம், அண்ணியோட கீழ வந்து என்னைப் பாத்துச் சிரிங்க. அப்புறம் பழையபடி மூஞ்சியத் திருப்பிக்கலாம், நான் தடுக்கமாட்டேன்.

அண்ணிக்கு என் வணக்கம். உங்களுக்கும்தான், வேண்டாவெறுப்பாக.

இப்படிக்கு,
தம்பி

பி.கு.: கவரை ஒட்டும்போது டீச்சர் போன். மகள் வகுப்பில் எழுந்து நின்று, அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கிறதே இல்லைங்கிற உண்மையைச் சொல்லிவிட்டாளாம். யாரும் சிரிக்கலையாம், பாதிப் பிள்ளைங்க "எங்க வீட்டுலயும் அப்படித்தான் மிஸ்"னாங்களாம். வெள்ளிக்கிழமை எல்லாரையும் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து, நீங்கள் நடிக்க வேண்டாம். ஆனா வாங்கண்ணா. சிரிக்கக்கூட வேண்டாம், திட்டறதுக்காவது வாங்க. நீங்க என்னைத் திட்டி ரெண்டு வருஷமாச்சு.