நடுவில் வைத்த குரும்பட்டி

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய நான், உலோகங்களில் அணுக்கள் அடுக்கியிருக்கும் பளிங்கமைப்பைப் பற்றி எழுதத் துணிவதைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரேயொரு பளிங்கு. அதையும் நான்தான் கெடுத்தேன்.

போரும் பொருளாதாரத் தடையுமாக இருந்த காலம். நான் சண்டிலிப்பாயில் வாழ்க்கைப்பட்ட புதிது. கணவரின் தம்பி ரகுவுக்குப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகம். தெரிவுக் குழுவின் முன் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். செம்பும் துத்தநாகமும் சேரும்போது அணுக்கள் எவ்வளவு சிக்கலாக அடுக்கப்படுகின்றன என்பதே பாடம். மாதிரி செய்யப் பிளாஸ்ரிக் உருண்டைக்கு எங்கே போவது? தென்னையிலிருந்து உதிர்ந்த பிஞ்சுக் குரும்பட்டிகளை ஈர்க்கில் குத்தி, பிள்ளைகள் விளையாட்டுத் தேர் கட்டுவதுபோலக் கட்டியிருந்தார். செம்புக்குக் காவி, மற்றதற்குச் சுண்ணாம்பு.

அவர் குளிக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். நட்டநடுவில் ஒன்றுமில்லை. மூலைகளிலும் இல்லை. பாவம், அவசரத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். (உப்பு எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு, உப்பில்லாமல் கறி வைத்தவள் நான்.) நல்ல உருண்டைகளாகப் பொறுக்கி, காவி பூசி, எல்லா இடத்தையும் நிரப்பினேன். முகப்பில் ஒரு செவ்வரத்தம்பூவும் செருகினேன். பிறகு பழைய வேட்டியால் மூடி, சைக்கிள் கரியரில் நானே கட்டியும் வைத்தேன்.

அவர் போனபின் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

“நடு வெறுமையாய்க் கிடந்தது. நான் ஒண்டு வைச்சு விட்டனான்.”

அவர் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார். “என்னப்பா செய்தனீர்? அந்த இடம் காலியாய் இருக்கிறதுதானே முழுப் பாடமும்.”

அன்று மீதிப் பொழுது முழுவதும் மாட்டுக் கொட்டிலில்தான் இருந்தேன். தாய்வீட்டுக்குத் திரும்பும் வழியையும் யோசித்தாயிற்று.

மாலையில் ரகு வந்தார்.

“மச்சாள் எங்கை?”

“கொட்டிலுக்கை,” என்று கணவர் காட்டிக்கொடுத்தார்.

ரகு வாசலில் வந்து நின்றார். “துணியை எடுத்தவுடனை தலைவர் கேட்டார், ‘தம்பி, உது எந்தக் கோயில் தேர்?’ எண்டு. எல்லாரும் சிரிச்சினம். பிறகு வேறை வழியில்லாமல், ‘இஞ்சை அணு இருந்தால் சாதாரண அடுக்கு, கழட்டினால்தான் இந்தச் சேர்வை’ எண்டு சொல்லி, அவையின்ரை கண்ணுக்கு முன்னாலை ஒவ்வொண்டாய்ப் பிடுங்கினன். பக்கத்து அணுக்கள் வெற்றிடத்துப் பக்கம் சரியிறதையும் விரலாலை தள்ளிக் காட்டினன்.”

“பிறகு?”

“பூ எதுக்கெண்டு கேட்டினம். அதுக்குத்தான் எனக்குப் பதில் தெரியேல்லை. வேலை கிடைச்சிட்டுது மச்சாள், வெளியாலை வாங்கோ.”

சேலையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

இன்றும் கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு கதிரை காலியாகக் கிடந்தால், “கெதியாய் ஆரும் இருங்கோ, மச்சாள் பாத்திட்டா” என்பார் ரகு.

நேர்முகத்துக்கு மறுநாள் ரகு வழக்கம்போல மிளகாய்த் தோட்டத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறப் போனார். நான் சோறு காய்ச்சினேன்.